பாஸ் வேறு, வைத்தியம் வேறு

எங்கள் கூத்தாநல்லூருக்கு 'சின்ன சிங்கப்பூர்' என்று ஒரு செல்லப் பெயர் உண்டு. வயலும் வாய்க்காலுமாக இருக்கிற திருவாரூர்ப் பக்கத்தில் இப்படி ஒரு பெயரா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். காரணம் இருக்கிறது. ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சபராளி இருப்பார். சபர் போனவர், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர் என்று அர்த்தம். சிங்கப்பூர், மலேசியா, சைகோன் என்று அந்தக் காலத்திலும், குவைத், துபாய் என்று பிற்காலத்திலும் ஆண்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பெண்கள் ஊரிலேயே இருந்து, பிள்ளைகளை வளர்த்து, கடிதம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மாமியாரும் அப்படி இருந்தவர்தான். என் மாமனார் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர். பிறகு 'சிதம்பரம்' கப்பலில் வந்து போனார். 1985-இல் அந்தக் கப்பல் தீப்பிடித்து, கப்பல் பயணமே நின்றுபோனது. அதன்பின் விமானம்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மூன்று மாத லீவில் வருவார். மீதி நாளெல்லாம் மாமிக்குச் சிங்கப்பூர் என்பது கோடாலித் தைலமும் கைலியும் தபால்காரரும்தான். மாமா காலமாகும் வரை மாமி ஒரு தடவைகூட அந்த ஊரைப் பார்க்கவில்லை.

ஆகவே, 2022 கடைசியில் என் கொழுந்தன் போன் போட்டு, "மச்சி, அம்மாவை இங்கேயே கொண்டாந்து வச்சுக்கிறேன். வயசான காலத்துல அவங்க எங்கூட இருக்கட்டும்" என்று சொன்னபோது, மாமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அறுபத்தெட்டு வயதில் கல்யாணப் பெண்போல் வெட்கப்பட்டார்கள். "ஒங்க மாமா நடந்த தெருவுல நானும் நடக்கப் போறேன் புள்ளே" என்றார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுத வந்தேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் விண்ணப்பம், பாரம் எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். நான் பத்தாவது வரை படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும். கொழுந்தன் சிங்கப்பூரில் நிரந்தரவாசி. நிரந்தரவாசிகளும் குடிமக்களும் தம் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதிக்கு மனுப் போடலாம். அங்குள்ள நம் ஆட்கள் 'லாங் டெர்ம் பாஸ்' என்பார்கள். வேலை பாஸில் மட்டும் இருக்கிறவர்களுக்கு வேறு கணக்கு. மாதச் சம்பளம் குறைந்தது 12,000 வெள்ளி இருந்தால்தான் பெற்றோரைக் கூப்பிட முடியும். அங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பையன்களில் பாதிப் பேருக்கு அந்தச் சம்பளம் எட்டாக்கனி. அதனால் 'நம்ம தம்பிக்குக் கிடைத்ததே' என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அனுப்பினேன். வைத்தியப் பரிசோதனையும் உண்டு. நெஞ்சுக்கு எக்ஸ்ரே, கையில் ரத்தம். காசநோய் இருக்கிறதா, எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மாமிக்கு இரண்டும் இல்லை. தாள் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நிம்மதி. "அல்ஹம்துலில்லாஹ், அம்மா உடம்பு கல்லு மாதிரி இருக்கு" என்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொன்னார்.

இங்கேதான் முதல் தவறு. அந்தப் பரிசோதனை அந்த நாட்டுக்காகச் செய்வது. வருகிறவர் தொற்று நோய் கொண்டுவராமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாமிக்கு 15 வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது, எட்டு வருஷமாக ரத்த அழுத்தம் இருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாளில் வராது. பாஸ் கொடுத்துவிட்டார்கள் என்றால் உடம்புக்கும் பாஸ் கொடுத்துவிட்டார்கள் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

இரண்டாவது தவறு என் கையால் நடந்தது. பயணத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கொழுந்தன் சொல்லியிருந்தார். உள்ளூரில் ஒரு பையன் எடுத்துக் கொடுப்பான். ஆறு மாதத்துக்கு ஒரு பாலிசி பேசினோம். பாரத்தில் ஒரு வரி: 'ஏற்கெனவே உள்ள நோய் ஏதேனும் உண்டா?' நான் பேனாவை நிறுத்திக்கொண்டு அவனைப் பார்த்தேன். "அக்கா, சர்க்கரைன்னு எழுதினா ஆறாயிரம் ரூபா ஏறிடும். சில கம்பெனி தரவே மாட்டான். யாருதான் எழுதறாங்க? இல்லைன்னு போடுங்க" என்றான்.

நான் 'இல்லை' என்று போட்டேன். யாரையும் கேட்கவில்லை. ஆறாயிரம் ரூபாய் மிச்சப்படுத்திய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு!

2023 பிப்ரவரியில் திருச்சியிலிருந்து மாமி விமானம் ஏறினார்கள். பையில் இரண்டு பெட்டி தம்ரூட். எங்கள் ஊர் தம்ரூட் இல்லாமல் யாரும் சபர் போவதில்லை. அங்கே போய்ச் சேர்ந்ததும் நாள் தவறாமல் வீடியோவில் பேசுவார்கள். கொழுந்தன் அவர்களைச் சிராங்கூன் ரோட்டுக்குக் கூட்டிப்போய், "அத்தா இந்தப் பக்கம்தாம்மா கடையில நின்னாங்க" என்று காட்டியிருக்கிறார். மாமி அங்கேயே நின்று அழுதார்களாம்.

ஏப்ரலில் நோன்புப் பெருநாள். கொழுந்தனின் மனைவி ஆசையாகப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். பெருநாளன்று உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்கள். வலது காலில் செருப்பு கடித்திருக்கிறது. கடித்ததே மாமிக்குத் தெரியவில்லை. பல வருஷச் சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கொப்புளம் உடைந்து, புண்ணாகி, நாற்றம் வந்த பிறகுதான் மருமகள் பார்த்தாள். "ஒண்ணுமில்லம்மா, மஞ்சள் போட்டிருக்கேன்" என்று மாமி மறைத்திருக்கிறார்கள். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாதே என்ற பயம்.

மே மாதம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிடும் என்று உடனே ஆபரேஷன். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கால் தப்பியதே பெரிய விஷயம். பன்னிரண்டு நாள் இருந்தார்கள். பில் 14,000 வெள்ளியைத் தாண்டியது. அன்றைய கணக்கில் நம் பணம் எட்டரை லட்சம் ரூபாய்.

சிங்கப்பூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் சலுகைக் கட்டணம் என்பது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். 2015 நவம்பரில் அவர்கள் கொண்டுவந்த 'மெடிஷீல்டு லைஃப்' என்ற காப்பீடும் அந்த இரண்டு வகையினருக்கு மட்டுமே. பாஸில் இருக்கிற தாயாருக்கு இரண்டும் கிடையாது. முழுக் கட்டணம் கட்ட வேண்டும். கொழுந்தனுடைய 'மெடிசேவ்' சேமிப்பிலிருந்து தாயாருக்காகக் கொஞ்சம் எடுக்க முடிந்தது. ஆனால் நாளுக்கு இவ்வளவு, ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று அதற்கும் உச்சவரம்பு உண்டு. பாஸ் என்பது அங்கே வசிக்க அனுமதி. வைத்தியம் பார்த்துக்கொள்ள உரிமை அதில் சேராது. இந்த ஒரு வாக்கியத்தை எங்களுக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று பாலிசியை அனுப்பினோம். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று டாக்டர் கேட்டபோது மாமி, "15 வருஷமா சக்கரை இருக்குங்க" என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள். அது கேஸ் ஷீட்டில் இருக்கிறது. பாரத்தில் என் கையெழுத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. பணம் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

அவர்கள் மேல் கோபப்பட எனக்கு வாய் இல்லை. மாமி உண்மை சொன்னார்கள். நான் பொய் எழுதினேன்.

என் ஆறு பவுன் சங்கிலியை விற்றதில் இரண்டரை லட்சத்துச் சொச்சம் வந்தது. அதை அனுப்பினோம். மீதியைக் கொழுந்தன் தவணை போட்டுக் கட்டினார். அவரும் அவர் மனைவியும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏஜெண்டுப் பையன்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். நானும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன்.

ஜூலையில் மாமி ஊருக்கு வந்துவிட்டார்கள். தினமும் காலுக்குக் கட்டு மாற்றுவது என் வேலை. ஒருநாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "மாமி, அந்தப் பாரத்துல சக்கரை இல்லைன்னு போட்டது நான்தான். அவன் சொன்னான், நான் போட்டேன். எனக்குத் தெரியாம நடந்ததில்லை."

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் மட்டும் என்ன புள்ளே? கல்யாண வீட்டுல ஆராவது கேட்டா, எனக்கென்ன சக்கரையான்னுட்டு தம்ரூட்டை ரெண்டு துண்டா வாங்கித் தின்னவதானே நான்? வீட்டுல பழகினதைத்தான் நீ தாள்ல எழுதிட்டே" என்றார்கள். அப்புறம், "சங்கிலியை வித்ததை எங்கிட்ட ஏன் சொல்லலே?" என்று கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபம்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இந்தச் செய்தி எப்படியோ தெருவில் பரவி, இப்போது பாரம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள்! அதனால் கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாதிரி.

அடுத்த வீட்டு அம்மாவின் மகள் கனடாவில் இருக்கிறாள். அங்கே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் 'சூப்பர் விசா' என்று ஒன்று உண்டு. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை இருக்கலாம். ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருஷத்துக்கு வைத்தியக் காப்பீடு எடுத்துக் காட்டினால்தான் விசாவே கிடைக்கும். வைத்தியப் பரிசோதனையும் தனியாக உண்டு. 'இவ்வளவு செலவா!' என்று அந்த அம்மா மலைத்துப்போனார். நான் சொன்னேன்: "அவங்க கட்டாயப்படுத்துறது நல்லதுக்குத்தாங்க. கட்டாயம் இல்லாத இடத்துலதான் நாங்க கவுந்தோம்."

துபாயில் 2013-இல் போட்ட சட்டப்படி, அங்கே வசிக்கிற எல்லோருக்கும் காப்பீடு இருக்க வேண்டும். பெற்றோரைத் தன் பொறுப்பில் அழைக்கிற பிள்ளைதான் அவர்களுக்கும் எடுக்க வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து ஷார்ஜா, அஜ்மான் முதலிய மற்ற அமீரகங்களிலும் விசா எடுக்கவும் புதுப்பிக்கவும் வேலைக்காரர்களுக்குக் காப்பீடு வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 55 வயதானவர்கள் ஓய்வுக்காலத்தைக் கழிக்க அங்கே ஐந்து வருஷ விசா இருக்கிறது. அது சொத்தோ, சேமிப்போ, வருமானமோ பெரிதாக உள்ளவர்களுக்கு. மலேசியாவில் 2002-இலிருந்து இருக்கிற 'மை செகண்ட் ஹோம்' திட்டமும் அப்படித்தான். 2024-இல் மாற்றிய விதிப்படி, அதன் வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் அந்த ஊர் பாங்கில் போட்டு வைக்க வேண்டும். நம் போன்றவர்களுக்குப் பிள்ளை மூலமாகப் போகிற வழிதான்.

எந்த நாடானாலும் நான் கேட்கச் சொல்வது நாலு கேள்விகள்தான்.

முதலாவது, இந்தப் பாஸ் எத்தனை நாளைக்கு? இந்தப் பாலிசி எத்தனை நாளைக்கு? இரண்டும் ஒன்றாக இருக்காது. பயணப் பாலிசி என்பது போய் வருகிறவர்களுக்காக. அங்கேயே தங்குகிறவர்களுக்கு அந்த நாட்டுக் கம்பெனியின் பாலிசி வேண்டியிருக்கும். அதைப் புதிதாக எடுக்கப் பல கம்பெனிகள் வயது வரம்பு வைத்திருக்கின்றன. டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, ஏற்கெனவே உள்ள நோய்க்குக் கொடுப்பார்களா? சில பாலிசிகளில் உயிர் போகிற ஆபத்து என்றால் மட்டும், அதுவும் நிலைமை சரியாகும் வரைக்கும்தான் கொடுப்பார்கள். வாயால் சொல்வதைக் கேட்காதீர்கள். பாலிசித் தாளில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காப்பீடு தராவிட்டால் கைக்காசு எவ்வளவு போட முடியும்? இதைப் பிள்ளையிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முடியாது என்றால் வருஷக் கணக்கில் தங்குவதை விட்டுவிட்டு ஒரு மாதம் போய் வரலாம். அதில் ஒன்றும் குறைவில்லை.

நாலாவது, ஊரில் உள்ள பாலிசியை என்ன செய்வது? 'இனி அங்கேதானே இருக்கப் போகிறோம்' என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இங்கே எடுக்கிற சாதாரண பாலிசி பெரும்பாலும் இந்தியாவுக்குள் செய்கிற வைத்தியத்துக்குத்தான் என்றாலும், திரும்பி வருகிற நாள் ஒன்று உண்டு. விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், உள்ள நோய்க்குக் காத்திருக்கும் காலம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். முன்பு அது நாலு வருஷம் வரை இருந்தது. 2024 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று நம் காப்பீட்டு ஆணையம் விதித்துவிட்டது. 65 வயதைத் தாண்டியவர்களும் புதிதாக எடுக்கலாம் என்று வழிவிட்டதும் அப்போதுதான். 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. வரியும் இல்லை.

கூடவே ஒரு வீட்டு யோசனை. சர்க்கரை உள்ள பெரியவர்கள் எங்கே போனாலும், தினமும் ராத்திரி யாராவது ஒருவர் அவர்கள் பாதத்தையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போட விடக்கூடாது. புண் கண்டால் மஞ்சளோடு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரைச் சீட்டை ஜெனரிக் பெயரோடு டாக்டரிடம் எழுதி வாங்கி, பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். போன வருஷம் கொழுந்தனின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமி போக வேண்டும் என்றார்கள். எல்லோரும் தயங்கினோம். மாமி என்னைக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, பாரத்தை எடுக்கச் சொன்னார்கள்.

"எழுது. சக்கரை இருக்கு, இத்தனை வருஷம். பிரஷர் இருக்கு. வலது காலுல விரல் ரெண்டு இல்லை. எல்லாத்தையும் எழுது."

எழுதினேன். ஒரு கம்பெனி வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இன்னொரு கம்பெனி ஒரு மாதத்துக்குத் தருகிறேன் என்றது. பணம் முன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல். மாமி தன் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

முப்பது நாள் இருந்துவிட்டு, ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தார்கள். பாலிசி எதற்கும் தேவைப்படவில்லை. "காசு வீணாப் போச்சே மாமி" என்றேன் விளையாட்டாக.

"போவட்டும் புள்ளே. முன்னாடி போனப்ப, எப்ப என்ன ஆவுமோன்னு புள்ளைக்கு மறைச்சுகிட்டே இருந்தேன். இந்தத் தடவை நிம்மதியாத் தூங்கினேன்" என்றார்கள்.

சொல்லிவிட்டுக் காலை என் பக்கம் நீட்டினார்கள். ராத்திரி பாதம் பார்க்கிற நேரம் அது.